தாமிர ஆக்ஸிகுளோரைடு: அதன் குணமும் செய்முறையும் பிரயோகமும்

பயிர்களைப் பற்றும் பூஞ்சாண நோய்களைத் தடுக்கும் பொருட்டு நம் குடியானவர்கள் கையாண்டு வரும் மருந்துகளுள், கடைகளில் இளம்பச்சைப் பொடியாகக் கிடைக்கும் தாமிர ஆக்ஸிகுளோரைடு என்பதும் ஒன்றாகும். மிளகாய் நாற்றங்கால் முதல் மலைமேல் தேயிலைத் தோட்டம் வரையில் இஃது உபயோகத்தில் இருந்து வருகிறது. ஆயினும், இதை வாங்குவோரில் பலர், இஃது எதனால் ஆனது, எவ்வாறு வேலை செய்கிறது, எந்த நோய்க்கு உதவும், எதற்கு உதவாது என்னும் விவரங்களை அறியாமலே, நோய் முற்றிய பின்னர் கடைக்கு ஓடி வாங்கித் தெளித்துவிட்டு, குணம் காணாமையால் மருந்தின் மீது பழி கூறுகின்றனர். பணமும் நஷ்டம், பயிரும் நஷ்டம். ஆகவே இம்மருந்தின் தன்மையைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க உத்தேசிக்கிறோம். கிராம அதிகாரிகளும் இதனைக் கவனித்தல் வேண்டும். போலி மருந்து, ஆட்டு மேய்ச்சல், ஊர்க்குளம் ஆகிய மூன்று விஷயங்களில் இது தனி ஒருவர் காரியமாக நில்லாமல் ஊர்ப்பொதுக் காரியமாகவே ஆகிவிடுகிறது.

களிம்பின் இனம்

செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்காமல் சில காலம் ஈரத்தில் போட்டு வைத்தால், அதன் மேல் பச்சைக் களிம்பு பூப்பதை யாவரும் அறிவர். ஆன்மாவைப் பற்றிய மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பிற் களிம்பை உவமையாகக் கூறுவதுண்டு. இக்களிம்பு எங்கும் ஒரே பொருளன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவின் சேர்க்கையால் உண்டாவது ஒரு தினுசு. கடற்கரையோரங்களில் உப்புக்காற்றுப் பட்ட செம்பின் மேலும் வெண்கலத்தின் மேலும் உண்டாவது மற்றொரு தினுசு. உப்பிலுள்ள குளோரின் தாமிரத்தோடு கூடுவதனால் விளைவதாகிய இவ்விரண்டாம் தினுசே நமது மருந்தின் இனத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவில், மழை அரிதான அட்டகாமாப் பாலைவனத்தில், இது பூமியிலிருந்து கனிஜமாகவே வெட்டியெடுக்கக் கிடைப்பதால், அக்கனிஜத்துக்கு அட்டகாமைட் என்றே பெயர் வழங்கலாயிற்று.

இரசாயன சாஸ்திரிகள் இரும்பு, மாங்கனீசு, நிக்கல், தாமிரம் முதலியவற்றை இடைநிலை உலோகங்கள் என்று ஒரு வகுப்பாகச் சேர்ப்பர். அவ்வகுப்பைச் சேர்ந்த ஓர் உலோகம், பிராணவாயுவுடனும், குளோரின் முதலிய ஹாலஜன்களுள் ஒன்றனுடனும் ஒருங்கே கூடியிருப்பின், அதனை ஆக்ஸிஹாலைடு என்பது வழக்கம். நமது மருந்தில் பிராணவாயு தனித்து நில்லாமல், ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ராக்ஸைடு உருவில் நிற்கிறது. தாமிர ஹைட்ராக்ஸைடு மூன்று அணுத்திரளுக்குத் தாமிரக் குளோரைடு ஓர் அணுத்திரள் வீதம் இணைந்தது இப்பொருள் என்று கொள்ளலாம். சுத்தமான சரக்கை நூறு பங்காக வகுத்தால் தாமிரம் 59.5 பங்கும், குளோரின் 16.6 பங்கும், பிராணவாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்து எஞ்சிய 23.9 பங்கும் இருக்கும். கடைச் சரக்கில் இத்துடன் நனைப்பான், பரப்பான் முதலிய துணைப் பொருள்களும் களிமண் வகைப் பொடியும் சேர்க்கப்படுவதால், தாமிரத்தின் வீதம் அதற்குத் தக்கவாறு குறையும். உறையின் மேல் 50 சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பின், அது தாமிரத்தின் அளவா, ஆக்ஸிகுளோரைடின் அளவா என்பதை அடியிலுள்ள சிற்றெழுத்தையும் வாசித்து அறிந்து கொள்க. தாமிரமே 50 பங்கு என்றால், அச்சரக்கில் ஆக்ஸிகுளோரைடு 84 பங்கு இருக்கிறதென்று கணக்காகும். ஆக்ஸிகுளோரைடே 50 பங்குதான் என்றால், தாமிரம் முப்பது பங்கிலும் சற்றுக் குறையும். விலை பேசும்போது இவ்வித்தியாசம் அற்பமானதன்று.

இது நீரில் ஏறக்குறையக் கரையாது. ஒரு லிட்டர் சுத்த நீரில் ஒரு மில்லிகிராம் அளவே கரைவதாகக் கண்டிருக்கின்றனர். ஆனால் புளிப்புள்ள திரவங்களில் கரையும். களிம்பேறிய குடத்தைப் புளி துலக்குவதும் இக்குணம் பற்றியே. அம்மோனியா நீரில் கரைந்து அழகிய கருநீல நிறம் கொடுக்கும். மிகுதியாகக் காய்ச்சினால் சிதைந்து கறுத்துப்போகும். நீரைக் காட்டிலும் மும்மடங்கிற்கு மேல் கனமானதாகையால், கலக்கிய கலவையை அசையாது வைத்தால் பொடி அடியில் தங்கும். இரும்பையும் தகரத்தின் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். ஆகையால் மருந்து கலக்கத் தகர வாளியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தைக் கொள்வது சிலாக்கியம்.

கரையாமையே இதன் பலம்

மருந்தென்றால் நன்றாய்க் கரைய வேண்டாமோ என்று குடியானவர்கள் கேட்பதுண்டு. இங்கே அதற்கு நேர் மாறு. மயில்துத்தம் நீரில் நன்றாய்க் கரையும். அதைத் தனியே இலைமேல் தெளித்தால் கரைந்த தாமிரம் முழுவதும் ஏககாலத்தில் இலைக்குள் புகுந்து இலையைக் கருக்கிவிடும். எஞ்சியது முதல் மழையிலேயே கழுவிப்போகும். ஆக்ஸிகுளோரைடோ இலைமேல் நுண்ணிய துகள்களாக ஒட்டிக்கொண்டு, பனியும் தூறலும் படும்போது சிறிது சிறிதாகவே தாமிரத்தை விடுகிறது. பூஞ்சாணத்தின் வித்து இலைமேல் விழுந்து, ஈரத்தில் முளைவிடும் சமயம் அருகிலுள்ள அத்தாமிரத்தை உட்கொள்கிறது. உட்சென்ற தாமிரம் வித்தின் ஜீவ காரியங்களை நடத்தும் நொதிகளைப் பற்றி அவற்றைச் செயலற்றதாக்க, முளை அங்கேயே மடிகிறது.

இதிலிருந்து அறியற்பாலது யாதெனில், இம்மருந்து வாசலில் நிற்கும் காவற்காரனேயன்றி, வீட்டுக்குள் புகுந்துவிட்ட திருடனைப் பிடிக்க வல்லதன்று. இலையின் உள்ளே வேர்விட்ட பூஞ்சாணத்தை இது எட்டாது. புள்ளி விழுந்த இலை, தெளித்த பின்னும் புள்ளியுடனேயே இருக்கும். புதிய இலைக்குப் பரவாமல் தடுப்பதே பலன். தெளித்த பிறகு துளிர்க்கும் கொழுந்துக்கும் காவல் இல்லை. ஆதலால் வளரும் பயிருக்குத் திரும்பத் திரும்பத் தெளிக்க நேரிடுகிறது. பூஞ்சாணத்தின் பல உறுப்புக்களை ஏககாலத்தில் தாக்குவதால், புதிய உள்ளேகும் மருந்துகளுக்குச் சில ஆண்டுகளிலேயே பழகிப்போகும் பூஞ்சாணங்கள்கூட இதற்கு எளிதில் பழகுவதில்லை. பாக்டீரியாக்கள் விஷயம் வேறு. தாமிரத்துக்கு அசையாத பாக்டீரியா இனங்கள் பல தேசங்களில் தோன்றியிருக்கின்றன.

தாமிரம் பயிருக்கு மருந்தாக வந்த வரலாறு சுவையானது. பிரெஞ்சு தேசத்தின் மெடோக் பிரதேசத்தில், சாலையோரத்துத் திராட்சையை வழிப்போக்கர் பறியாதிருக்கும்படி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளின் மேல் தெளித்து வைப்பது வழக்கமாயிருந்தது. அவ்வாறு தெளித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் காணாமையை 1882-ஆம் ஆண்டில் மில்லர்டே என்னும் பண்டிதர் கவனித்து, ஆராய்ந்து, 1885-இல் வெளியிட்டார். அதுவே போர்டோக் கலவை. நம் பக்கத்தில், மைசூர் சமஸ்தானத்து விவசாய இலாகாவின் நிபுணரான கோல்மன், கமுகின் கொளெரோகா என்னும் காயழுகல் நோயை ஆராய்ந்து 1910-இல் விவரம் வெளியிட்டதும், அந்நோய்க்குப் போர்டோக் கலவை பரவியதும் பிரசித்தம். போர்டோக் கலவையை அன்றன்று கூட்டும் சிரமத்தைத் தவிர்க்கும் பொருட்டே, ஆலையில் முடித்த ஆக்ஸிகுளோரைடு முதலிய தாமிரப் பொடிகள் பின்னர் வந்தன. 1946-இல் தென்னிந்தியத் தேயிலையில் கொப்புள நோய் புகுந்ததும் மலைத்தோட்டங்களில் இப்பொடிக்குப் பெருங் கிராக்கி ஏற்பட்டது.

ஆலையில் செய்யும் விதம்

சோதனைச் சாலையில் சிறிதளவு செய்வதற்கு, தாமிரக் குளோரைடின் நீர்க்கரைசலில் காரத்தைச் சிறுகச் சிறுக விட்டுக் கலக்கினால் பச்சை வண்டல் இறங்கும். காரத்தின் அளவைக் கணக்காக நிறுத்துவதே இதிலுள்ள நுட்பம். அளவு மிஞ்சினால் ஆக்ஸிகுளோரைடுக்குப் பதில் நீல நிறத் தாமிர ஹைட்ராக்ஸைடே விளையும்.

ஆலைகளிலோ பழைய செப்புக் கம்பி, தகடு முதலிய கழிவுச் செம்பே மூலப்பொருள். தொட்டியில் தாமிரக் குளோரைடின் கரைசலும் சாதாரண உப்பும் கலந்து, அதில் செம்பை இட்டுச் சூடேற்றுவர். செம்பு தாமிரக் குளோரைடோடு கூடிக் குறைந்த குளோரின் உள்ள குப்ரஸ் குளோரைடாக மாறும். இது வெறும் நீரில் கரையாததாகையால், கரைத்து வைக்கும் பொருட்டே உப்பு சேர்க்கப்படுகிறது. பின்னர் அக்கரைசலினூடே காற்றை ஊதுவர். காற்றிலுள்ள பிராணவாயுவையும் நீரையும் ஏற்று, குப்ரஸ் குளோரைடு இரு கூறாகப் பிரியும். ஒரு கூறு பச்சை ஆக்ஸிகுளோரைடாக அடியில் இறங்கும். மற்றொரு கூறு மறுபடி தாமிரக் குளோரைடாகிக் கரைசலில் நின்று, புதிய செம்பைக் கரைக்க உதவும். குளோரின் போதாமற் போகாதபடி ஹைட்ரோக்ளோரிக் அமிலம் சேர்த்து வருவர். முடிவாகக் கூட்டிப் பார்த்தால், சுமார் 60 கிலோ செம்பு உட்சென்று ஏறக்குறைய 100 கிலோ ஆக்ஸிகுளோரைடாக வெளிவருகிறது. வண்டலை வடிகட்டி, உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, மிக நுண்ணியதாக அரைக்கின்றனர்.

அரைப்பதன் நுண்மையே சரக்கின் உயர்வு தாழ்வை நிச்சயிக்கிறது என்றால் மிகையாகாது. ஒரே எடை மருந்து பருமனாக இருந்தால் இலையில் திட்டுத் திட்டாக நின்று உதிரும். நுண்ணியதாக இருந்தால் எங்கும் பரவி ஒட்டும். இவ்வேலையை வீட்டில் செய்து பார்க்க யாரும் துணிய வேண்டாம். அமிலப் புகையும் தாமிரக் கழிவு நீரும் கெடுதி விளைப்பன. சரக்கும் தரமாக அமையாது. கையால் செய்து கொள்ள விரும்புவோருக்குப் போர்டோக் கலவை இருக்கவே இருக்கிறது.

போர்டோக் கலவையுடன் ஒப்பிட்டால், ஒரு சதவிகிதக் கலவையில் லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம், அதாவது 2.5 கிராம் தாமிரம் இருக்கிறது. ஆக்ஸிகுளோரைடுப் பொடியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்தால், பொடியில் தாமிரம் 50 சதவிகிதம் என்று கொண்டால், 1.25 கிராம் தாமிரமே. சரிபாதியில் காரியம் நடக்கிறது. கூட்டிய அன்றே தீர்க்க வேண்டுமென்ற அவசரமும், சுண்ணாம்பு குறைந்து இலை கருகுமென்ற பயமும் இல்லை. ஆனால் மழையில் ஒட்டி நிற்கும் திறனில் போர்டோக் கலவையே மேல். அடைமழைக் காலத்துக் கமுகுக்கு அதையே இன்றும் விரும்புகிறவர்கள் காரணமில்லாமல் விரும்பவில்லை என்பது எமது அபிப்பிராயம்.

பிரயோகம்

பொதுவாக லிட்டருக்கு 2.5 கிராம் என்பது மிளகாய், தக்காளி முதலிய காய்கறிப் பயிர்களுக்கு வழங்கும் அளவு. பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 25 கிராம், பதினாறு லிட்டர் தெளிப்பானுக்கு 40 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் அரைக்கிலோ பொடி செல்லும். கைப்பிடிக் கணக்கு உதவாது, நிறுத்தே போடுக. பயிருக்குப் பயிர் அளவு மாறுமாதலால் உறையிற் கண்ட அளவையே முடிவாகக் கொள்க. முதலில் பொடியைச் சிறிது நீரில் குழம்பாகக் குழைத்து, பின் மிகுதி நீர் சேர்த்து, துணியில் வடிகட்டி ஊற்றுதல் வேண்டும். தெளிக்கும்போது இடையிடையே தெளிப்பானைக் குலுக்குக. இல்லையேல் முதல் பாத்திக்கு வெறும் நீரும் கடைசிப் பாத்திக்கு வண்டலும் போய்ச் சேரும். இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். தெளித்தபின் இலை உலருவதற்குப் போதிய வெயில் உள்ள வேளையாகப் பார்த்துத் தெளிக்க.

இம்மருந்து மிகவும் கைகொடுக்கும் இடம் நாற்றங்கால் என்பது எமது அநுபவம். மிளகாய், தக்காளி, கத்தரி, புகையிலை நாற்றுக்கள் மண்மட்டத்தில் அழுகி, காலையில் பார்க்கும்போது பாய் சுருட்டியது போலச் சாய்ந்து கிடப்பதை நாற்றழுகல் என்கிறோம். லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, சதுர மீட்டருக்குச் சுமார் 4 லிட்டர் வீதம் பூவாளியால் மண் நனைய ஊற்றினால் பரவல் நிற்கும். ஆயினும் பாத்தியில் நீர் தேங்கவிட்டு, விதையை நெருக்கமாகத் தூவிவிட்டு, மருந்தை மாத்திரம் நம்புவது வீண். உருளைக்கிழங்கின் பின்கருகல், தக்காளியின் முன்கருகல், மிளகாயின் இலைப்புள்ளியும் பழ அழுகலும், திராட்சையின் அடிச்சாம்பல், வாழையின் இலைப்புள்ளி, காப்பியின் துருநோய் ஆகியவற்றுக்கும் இது வழங்குகிறது. ரப்பர்த் தோட்டங்களில் தென்மேற்குப் பருவ மழைக்கு முன்னரே, எண்ணெயில் கலக்கும் தனித் தினுசு ஆக்ஸிகுளோரைடைத் தெளித்து இலையுதிர்வைத் தடுக்கின்றனர். வெற்றிலைக்குத் தெளிப்பதாயின், முற்றிய இலையைக் கிள்ளி எடுத்த பின்னரே தெளித்து, உறையிற் குறித்த நாட்கள் கழியும் வரை மறு கிள்ளல் கூடாது. பச்சையாக வாயிலிடும் பொருளல்லவா?

உதவாத இடங்களையும் சொல்லிவிடுகிறோம். மேற்புறத்தில் மாவு பூத்தாற்போல் காணும் சாம்பல் நோய்க்குக் கந்தகமே உரியது. மிளகாயின் இலைமுடக்கு பேன், சிலந்தி, வைரஸ் ஆகியவற்றால் வருவது. அதற்குத் தாமிரம் தெளிப்பது காசைக் காற்றில் விடுவதாகும். பூச்சி எதற்கும் இது மருந்தன்று. பீச், பிளம் முதலிய மலைப்பழ மரங்கள் இலைவிட்ட பின் தாமிரத்தைத் தாங்கா. குளிர்ந்து ஈரம் உலராத நாட்களில் மற்றப் பயிர்களிலும் கருகல் காணக்கூடும். புளிப்புள்ள உரக்கரைசல்களோடும், போசெட்டைல் அலுமினியம் என்னும் மருந்தோடும், கந்தகச் சுண்ணாம்போடும் இதனைக் கலக்கலாகாது. புளிப்பு ஏறினால் தாமிரம் கரைந்து இலையைச் சுடும் என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும்.

போலிச் சரக்கு

பச்சைச் சாயமிட்ட மாவை மருந்தென்று விற்பாரும் உளர். ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் சிட்டிகை பொடியைத் தூவிப் பார்க்க. நல்ல சரக்கு தானே நனைந்து, கலக்கினால் பால்போல் நெடுநேரம் நிற்கும். மட்டச் சரக்கு கட்டியாக மிதக்கும், அல்லது மணல்போல் உடனே அடியில் இறங்கும். நன்றாகத் தெளிய வைத்தபின் மேல்நீர் நீலமாகத் தெரிந்தால், கரையும் தாமிரம், பெரும்பாலும் மயில்துத்தம், கலந்திருக்கிறதென்று அறிந்து அதைப் பயிருக்கு விடாதிருக்க. எலுமிச்சஞ்சாறு விட்டவுடன் நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் மாவு இருக்கிறதெனச் சந்தேகிக்கலாம். அம்மோனியா நீர் கிடைக்கும் பள்ளிக்கூடச் சோதனைச் சாலையாயின் ஒரு துளியில் காரியம் முடியும். தாமிரம் இருந்தால் கருநீலம் காட்டும், வெறும் சாயம் காட்டாது. எவ்வளவு தாமிரம் என்பதை மாத்திரம் இவை எவையும் சொல்லமாட்டா. இவை சந்தேகத்துக்கு வழியேயன்றி ருசுவாகா. ருசுவுக்கு உரியது அரசாங்கப் பரிசோதனையே. 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் பூஞ்சாண மருந்துகளையும் தழுவியது. அதன்படி மாதிரி எடுக்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு. ஆனால் ரசீது இல்லாமல் வாங்கிய சரக்கைக் குறித்துப் புகார் எழுதினால் எந்தக் கடைச் சரக்கென்று எவ்வாறு நிலைநாட்டுவது? தொகுதி எண், காலாவதித் தேதி இரண்டும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கி, பருவம் முடியும் வரை பத்திரப்படுத்துக. ஊரில் ஒரே சரக்கைப் பற்றிப் பலர் குறை கூறின், கிராம அதிகாரிகள் காலிப் பைகளையேனும் சேர்த்து வைத்து விவசாய அலுவலகத்துக்குத் தெரிவித்தல் பேருதவியாகும்.

மண், மந்தை, குளம்

மற்ற மருந்துகள் பல நாளடைவில் சிதைந்து போகும். தாமிரம் மூலப்பொருளாகையால் சிதைவதில்லை. மக்கிலும் களிமண்ணிலும் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கும். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் ஆண்டுக்கு எட்டு முறை, ஏக்கருக்கு அரைக்கிலோ வீதம் தெளிப்பதாக வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 2 கிலோ தாமிரம். ஓர் ஏக்கரின் மேல்மண் அரையடி ஆழத்துக்குச் சுமார் ஒன்பது லட்சம் கிலோ எனின், இருபது ஆண்டில் பத்து லட்சத்தில் 44 பங்கு தாமிரம் கூடிவிடும். மண்புழு குறையும், பயிரின் வேரும் நாளடைவில் வாடும். நூற்றாண்டுக்கு மேல் தாமிரம் தெளித்த ஐரோப்பிய திராட்சை நிலங்களில் இத்தொல்லை கண்டே, ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் கூடாதென்று ஐரோப்பியக் கூட்டரசு 2018-இல் விதி செய்தது. அஃது ஆண்டுக்கு ஏக்கருக்கு 1.6 கிலோ அளவாகும். நாம் மேலே கண்ட தோட்டம் அவ்வரம்பைத் தாண்டிவிட்டது. ஆதலால் வறண்ட வாரங்களில் பழக்கம் பற்றியே தெளிப்பதை விட்டு, மழையும் பனியும் நோக்கித் தெளிப்பதும், நெடுங்காலத் தோட்டங்களில் மண்ணைச் சோதித்துத் தாமிர அளவை அறிவதும் அவசியம்.

செம்மறியாடு தாமிரத்தை மற்றக் கால்நடைகளைப் போலத் தாங்காது. சிறிது சிறிதாக ஈரலில் சேர்ந்து, பின் ஒருநாள் திடீரெனச் செந்நீர்ப் போக்குடன் மடியும். காரணம் தெரியாமல் இடையரும் தோட்டக்காரரும் பகை கொள்ள நேரிடும். தெளித்த தோப்பில் கிடை மறிக்கவும், புல் மேயவும் விடலாகாது. தெளிக்கும் செய்தியை முன்கூட்டி மந்தைக்காரருக்கு அறிவிக்கும் ஏற்பாட்டைக் கிராம அதிகாரிகள் செய்யலாம். மீனுக்கும் இது விஷம். தெளிப்பானைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுவது பல ஊர்களில் கண்கூடு. கழுவிய நீரை அதே வயலின் வரப்போரத்தில் பரவலாக ஊற்றுக.

தெளிப்பவர் மூக்கையும் வாயையும் மூடி, கையுறை அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நடக்க வேண்டும். முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடுப்பைத் தனியே துவைக்க. தவறி விழுங்கினவருக்குக் குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் காணும். வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காமல், மருந்து உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. உறையில் வைத்தியருக்கு வேண்டிய குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். காலிப் பைகளில் உப்போ தானியமோ போட்டு வைத்தல் கூடாது. அவற்றைக் கிழித்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவான மேட்டில் ஆழப் புதைத்துவிடுக.